இடம் இருந்தும் நின்றுகொண்டு போனேன்

எங்கள் பக்கத்து பஸ்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. கைப்பிள்ளையோடு ஒருத்தி ஏறினால், ஒன்று யாராவது எழும்பி இடம் கொடுப்பார்கள். இல்லையென்றால் இருக்கிற ஒருவர் இரண்டு கையையும் நீட்டி, "தாங்கோ பிள்ளையை" என்பார். பிள்ளை அந்நியர் மடிக்குப் போய்விடும். தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இறங்கும்போது வாங்கிக்கொள்வாள். யாரும் பெயர்கூடக் கேட்பதில்லை. எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

மகள் பிறந்த பிறகு நான் போன பஸ்களிலெல்லாம் இடம் கிடைத்தாலும் இருக்கவில்லை. இருந்தால் தலை சுற்றும், நின்றால்தான் நல்லது என்று சொல்வேன். உடனே யாராவது பிள்ளையைக் கேட்பார்கள். கொடுத்துவிடுவேன். அதற்காகத்தான் நின்றேன்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு நாள் காலை மகளைக் குளிக்க வார்க்கத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் கை தானாக விரிவதுபோலவும் அவள் கிணற்றுக் கட்டைத் தாண்டி உள்ளே போவதுபோலவும் கண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் என் தோளில்தான் கிடந்தாள். ஆனால் கண்டது கண்டதுதான். பிறகு அது வாய்க்கால் பாலத்தில் வந்தது. பஸ் மிதிபலகையில் வந்தது. அவளைவிட எனக்கு இந்த உலகத்தில் ஒன்றுமில்லை. அவளை நானே கொன்றுவிடுவேனோ என்ற பயம் காலையில் கண் விழிக்கும்போதே என்னோடு விழித்தது. யாரிடமாவது சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களா? சொல்லாமல் விட்டு ஏதும் நடந்துவிட்டால்? இரண்டையும் மாறிமாறி நினைத்தேன். கிணற்றடிக்குப் போவதை விட்டேன். கணவரின் தாயார், மாமிதான் குளிக்க வார்த்தார்.

இந்தப் பயத்தை ஒரு வசனத்தில் யாரிடம் சொல்லலாம் என்று தேடி வன்னிக்குள் நான் செய்த பயணங்கள்தான் இவை. வெளிநாடு போய்வந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வவுனியாவே வெளிநாடு.

முதல் பயணம் கிளிநொச்சிக்கு. பிள்ளையை நிறுக்க வந்த மருத்துவிச்சி மிஸ்ஸி, நான் அவளைத் தூக்காமல் தள்ளியே நிற்பதைக் கவனித்துவிட்டார். மாமி குசினிக்குள் போன நேரம் பார்த்து, கவுன்சிலிங் செய்கிற ஒரு இடம் டவுனில் இருக்கிறது, போய்க் கதைத்துப் பாருங்கோ என்றார். என் கணவர் வெட்டுமெசின் ஓடுகிறவர். அறுவடைக் காலத்தில் அம்பாறை, பொலன்னறுவை என்று போய்விடுவார். போனில் கேட்டேன். கதைத்தால் சரிவரும் என்றால் போய்க் கதை என்றார். நல்ல மனிதர். எதையும் திருத்திவிடலாம் என்று நம்புகிறவர்.

பஸ்ஸில் ஒரு மலையகத்து அம்மா மகளை வாங்கினார். எங்கள் பக்கம் வந்து குடியேறித் தோட்டம் செய்கிறவர்களில் ஒருவர். மடியில் கத்தரிக்காய்ப் பை இருந்தது. அதைக் காலடிக்குத் தள்ளிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டார். எங்கே போகிறேன் என்று கேட்டார். பிள்ளைக்குச் சளி, டொக்டரிடம் காட்டப் போகிறேன் என்றேன். அவர் காதை மகளின் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அன்றிலிருந்து எல்லாப் பஸ்ஸிலும் இதே பொய்யைத்தான் சொன்னேன்.

கிளிநொச்சியில் இறங்கியதும் பயத்தில் பசித்தது. ஒரு கடையில் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கினேன். ரோல்ஸ் உள்ளே குளிர்ந்திருந்தது. மகளைக் காசாளர் அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

அந்த இடம் ஒரு வீடு. வாசலில் பலகை. கவுன்சிலிங் செய்கிற மிஸ் என்னைவிட இளையவர். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, கதிரையை இழுத்து எதிரே போட்டு, மிகவும் மெதுவாகக் கேட்டார்: "கடைசிச் சண்டையில எங்க இருந்தனீங்கள் அக்கா?"

வன்னியில் என் வயதுள்ள யாரிடமும் இதைக் கேட்டுப்பாருங்கள். மிச்சம் தானாக ஓடும். முகாமில் முதன்முதலாக ஒருவர் பேனாவோடு வந்து கேட்டபோது நான் சின்னப் பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு நிவாரணத்துக்குக் கேட்டார்கள், வீட்டுத்திட்டத்துக்குக் கேட்டார்கள், ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். எதை முதலில் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் எழுதுகிறவர் தலையை நிமிர்த்துவார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். நான் படிப்பில் கெட்டிக்காரி. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிப் பழகியவள். அப்பாவைச் சொன்னேன். பங்கரைச் சொன்னேன். கஞ்சி வரிசையைச் சொன்னேன். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அன்று நான் பஸ் ஏறியது அதற்காக அல்ல.

மிஸ் அழுதுவிட்டார். நான்தான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் துடைத்து முடிந்ததும், இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, "மிஸ், எங்கட வீட்டுக் கிணறு" என்று தொடங்கினேன்.

"கிணறு திருத்தவும் திட்டம் ஒண்டு வருது அக்கா. இப்போதைக்கு வாழ்வாதார உதவிதான் குடுக்கிறம்."

ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகளோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு கையில் மகள், மற்றக் கையில் பெட்டி. பஸ் முழுக்கக் கீச்சுக் கீச்சு என்றது. பிள்ளைக்கு ரிக்கற் இல்லை, கோழிக்கு வேண்டும் என்று கொண்டக்டர் பகிடி விட்டார். முன் சீற்றில் இருந்த கிழவர் பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மடியில இருந்தால் கோழியும் பிள்ளைதான், விடடா தம்பி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மிதிபலகையிலிருந்து எத்தனை எட்டுத் தள்ளி நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டேன்.

மாமிக்குச் சந்தோசம். "கதைச்சதுக்கே குஞ்சு தாறாங்களோ? என்ர கதையைச் சொன்னால் ஆட்டுப்பட்டியே தரவேணும்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அவருடைய கதை என்னுடையதைவிட நீளமானது. கணவர் போனில், "கதைச்சாச்சுத்தானே, இனிச் சரி" என்றார். சரிதான் என்று நானும் இரண்டொரு நாள் என்னை நம்பவைத்துப் பார்த்தேன். ஒருவேளை மிஸ் சொல்வதுதான் சரியோ, எல்லாம் அந்தச் சண்டையிலிருந்து வந்ததோ என்றும் யோசித்தேன். அப்படியென்றால் சண்டை முடிந்து இத்தனை காலம் என் கை ஏன் சும்மா இருந்தது? குஞ்சுகளுக்குத் தண்ணீர் அள்ளக்கூடக் கிணற்றடிக்குப் போக என்னால் முடியவில்லை.

அடுத்த பயணம் பளைக்கு. இது மாமியின் யோசனை. அங்கே அவருடைய தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் டொக்டர் இருக்கிறாராம். கைராசிக்காரராம். முதலில் நாவூறு கழித்து, நூல் கட்டி, அதற்கும் நான் சாப்பிடவில்லை என்றபிறகு வந்த யோசனை. மாமி என்னைக் கைவிடவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பளை எங்கள் ஊர்போல இல்லை. மணல். பார்க்கிற பக்கமெல்லாம் தென்னை. மாமியின் தங்கை இளநீர் வெட்டித் தந்தார். மத்தியானம் முருங்கைக்காய்க் குழம்பும் தேங்காய்ப்பால் கட்டியாக விட்ட சொதியும். எங்கள் வீட்டில் அவ்வளவு தேங்காய் ஒரு கிழமை முழுக்கப் போதும். நான் அளைந்துகொண்டிருந்தேன். சமைத்தவருக்கு மனவருத்தம்.

டொக்டர் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. மாமியைப் பார்த்து, மருமகளுக்கு என்ன என்றார். சாப்பாடில்லை, நித்திரையில்லை, பிள்ளையைத் தூக்குகிறாளில்லை, சோம்பல் என்றும் சொல்ல முடியாது, படித்த பிள்ளை என்று மாமி சொன்னார். டொக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். இரத்தம் போதாது, பிள்ளை பெற்ற பலவீனம் என்றார். மாமியின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கையைத் தாண்டி நான் எதைச் சொல்ல முடியும்? அவருடைய பேத்தியல்லவா அவள்.

சத்துக் குளிசையும் நித்திரைக் குளிசையும் தந்தார். நித்திரைக் குளிசை போட்ட முதல் இரவு மகள் அழுதது எனக்குக் கேட்கவில்லை. நான் நித்திரையில் எழும்பி எதையாவது செய்துவிட்டால் அதுவும் எனக்குத் தெரியாதே என்று அடுத்த நாளே நிறுத்திவிட்டேன்.

மிஸ்ஸி திரும்ப வந்தபோது, கவுன்சிலிங் எப்படி என்று கேட்டார். நான் முற்றத்தைக் காட்டினேன். குஞ்சுகள் வளர்ந்து, செட்டை முளைத்துக் கிளறிக்கொண்டிருந்தன. அவர் தராசைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பிழை என்னிலதான். கவுன்சிலிங் செய்யிறவை வேற, மனநோய் டொக்டர் வேற. நீங்கள் முதல்ல டொக்டரிட்டப் போகவேணும். மாமியோட இல்லை, தனிய."

கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலும் அந்த டொக்டர் இருக்கிறார். ஆனால் அங்கே என் கணவரின் மச்சாள் வேலை செய்கிறாள். நான் வரிசையில் நிற்பதை அவள் கண்டால், நான் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்து முற்றத்தில் நிற்கும். ஆகவே வவுனியாப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தேன். மாமிக்கு மிஸ்ஸியே ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரிடம் போனார்கள். நானும் போனேன். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. மகளுக்குத் திருநீறு பூசிவிட்டு, ஒரு பை வறுத்த கச்சான்கடலை வாங்கிக்கொண்டு ஏறினேன். கச்சான் மட்டும் இன்னும் அதே ருசி.

மாங்குளம் கழிந்து நடுக்காட்டில் பஸ் நின்றுவிட்டது. றைவர் இறங்கிப் படுத்துப் பார்த்தார். பிறகு சாரத்தில் கையைத் துடைத்தார். அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் விளங்கியது. வெயிலில் நின்றோம். பின்னால் வந்த கொழும்பு பஸ்ஸில் எங்களை அடைத்து ஏற்றினார்கள். கால் வைக்க இடமில்லை. அங்கே ஒரு ஜோடிக் கை நீண்டது. வார்த்தை ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தேன். விடுமுறையில் போகிற ஆமிக்காரன். சாதாரண உடுப்புத்தான். ஆனால் முடிவெட்டும் காலடியில் இருந்த பையும் காட்டிக் கொடுத்தன.

கொடுத்தேன்.

அவன் என் மகளின் தலையை முழங்கைக்குள் வைத்து, வெயில் படாமல் மற்றக் கையால் மறைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த தோழனிடம் சிங்களத்தில் கதைத்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்தது எனக்குக் கொஞ்சம் விளங்கும். "என் சின்னவளும் இந்த அளவுதான் இருப்பாள். போன தடவை என்னைக் கண்டு அழுதாள். இந்த முறை மீசையை எடுத்துவிட்டுப் போகிறேன்" என்றான். தோழன், மீசை இல்லாவிட்டாலும் அழத்தான் போகிறாள், முகம் அப்படி என்றான்.

அப்பாவை நினைத்தேன். கிளிநொச்சி மிஸ்ஸுக்குச் சொன்ன எல்லாவற்றையும் நினைத்தேன். இருந்தும், அந்தக் கைகளில் என் மகள் பத்திரமாக இருக்கிறாள் என்றே எனக்குப் பட்டது. என் கைகளில் இருப்பதைவிட. என் வாழ்க்கையில் என்னைப்பற்றி இதைவிடக் கேவலமாக நான் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களவர். தமிழ் வராது. மொழிபெயர்க்க அங்கே வேலை செய்யும் ஒரு முஸ்லிம் அக்காவைக் கூப்பிட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மகளை வாங்கித் தோளில் போட்டார். அவளைக் கொடுத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம்.

"என்ர கையாலேயே பிள்ளையைக் கிணத்துக்க போட்டிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு."

அக்காவின் கை மகளின் முதுகில் அப்படியே நின்றது. பிறகு டொக்டர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார்: "பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று இந்த அம்மாவுக்குப் பயமாம்."

டொக்டர் தலையை ஆட்டினார். எல்லாத் தாய்மாருக்கும் இருக்கும் பயம்தானே என்றார். முதல் பிள்ளையா என்று கேட்டார். பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே பேசாமல் இருந்துவிடலாம். இன்னொரு சத்துக் குளிசை. இன்னொரு பஸ். முறிகண்டியில் இன்னொரு பை கச்சான். அக்காவின் மொழிபெயர்ப்பில் நான் எவ்வளவு நல்ல தாய்! ஒரு கணம் அதுவாகவே இருந்துவிட ஆசையாக இருந்தது. பரீட்சைக்குப் படித்த சிங்களத்தில் இந்த வசனம் இருக்கவில்லை. சந்தைக்குப் போவதும் கடிதம் எழுதுவதும்தான் இருந்தன. இருந்ததை வைத்துச் சொன்னேன்.

"அப்படி இல்லை டொக்டர். வேறு ஆள் இல்லை. நான். என் கை. பிள்ளை, கிணறு. நான் போடுவேன் என்று பயம்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். அறையில் இருந்த மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு கேட்டார், ஒவ்வொன்றாக. போட வேண்டும் என்று விருப்பம் வருகிறதா? இல்லை. அப்படிச் செய் என்று குரல் ஏதும் கேட்கிறதா? இல்லை. என்னை நானே முடித்துக்கொள்ள நினைத்ததுண்டா? இல்லை, ஆனால் நான் இல்லாவிட்டால் அவளுக்கு நல்லது என்று நினைத்ததுண்டு. அந்த நினைப்பு வரும்போது என்ன செய்வீர்கள்? தள்ளிப் போய் நிற்பேன். யாரிடமாவது கொடுப்பேன். இப்போது அக்கா ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் இரண்டு பக்கமும் சொன்னார்.

இது ஒரு நோய்தான், பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற வருத்தங்களில் ஒன்று, இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை என்றார் டொக்டர். விருப்பமே இல்லாமல் வந்து இப்படிப் பயமுறுத்துகிற நினைப்புத்தான் இந்த வருத்தம் என்றார். இந்த வருத்தக்காரர் பிள்ளையைவிட்டு ஓடுவார்கள், நீங்களும் ஓடித்தான் வந்திருக்கிறீர்கள் என்றார். குரல் கேட்டாலோ, விருப்பம் வந்தாலோ, சாக நினைத்தாலோ ஒரு நாளும் காத்திராமல் வரச் சொன்னார். பிள்ளையைப் பறிப்பார்களா என்று நான் கேட்கவில்லை. அக்காதான் எனக்காகக் கேட்டார். டொக்டர் கையை விரித்து, எதற்கு என்றார்.

நடையில் வைத்து அக்காவிடம், ஏன் முதலில் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"அப்பிடியே சொன்னா புள்ளயப் பறிச்சிருவாங்கன்னு பயந்துட்டன் தங்கச்சி. நானும் பெத்தவதானே."

அவரைத் திட்டவும் முடியவில்லை. அந்த இரக்கம் என்னை இன்னொரு வருசம் அந்தக் கிணற்றுப் பயத்திலேயே நிறுத்தியிருக்கும். வெளியே ஒரு கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். முழுதாகச் சாப்பிட்டேன். திரும்பிப் போகும்போதும் நின்றுகொண்டுதான் போனேன்.

மருந்து உடனே வேலை செய்யாது என்று சொல்லியிருந்தார்கள். செய்யவில்லை. சில கிழமைகள் கழித்து, அந்த நினைப்பு எங்கள் தரிப்பில் நிற்காத கடுகதி பஸ்போல ஆகியது. வரும், தூசு கிளப்பும், போய்விடும். நானே மகளைக் குளிக்க வார்க்கத் தொடங்கினேன்.

கணவரையும் ஒருமுறை கூட்டிவரச் சொன்னார்கள். வந்தார். டொக்டர் சொன்னதையெல்லாம் கேட்டார். தலையாட்டினார். விளங்கியது என்றார். அதன்பிறகு நான் மகளோடு கிணற்றடிக்குப் போனால் அவரும் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். வாளி எடுக்க, கயிறு பார்க்க. முன்பெல்லாம் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பார். இப்போது என் கையைப் பார்க்கிறார். உண்மையைச் சொன்னதற்கு இது எனக்குக் கிடைத்தது. கிளிநொச்சியில் சொன்னதற்குக் கோழியாவது தந்தார்கள்.

கடைசியாக மருந்து எடுக்கப் போய்த் திரும்பிய பயணத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வவுனியாவில் ஏறினேன். இடம் கிடைத்தது. இருந்தேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு, யன்னல் பக்கமாகவே இருந்தேன். பஸ் வெளிக்கிடும்போது ஒருத்தி கைப்பிள்ளையோடு ஓடிவந்து ஏறினாள். என்னைவிட இளையவள். என் கை தானாக நீண்டது. பழக்கம். "தாங்கோ" என்றேன். தந்துவிட்டாள். ஒரு தொடையில் என் மகள், மற்றத் தொடையில் யாரோ பெற்ற பிள்ளை. நான் யார், என் கை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது.

ஓமந்தையில் எனக்குப் பக்கத்துச் சீற் காலியானது. இருங்கோ என்றேன்.

"இல்லையக்கா, நான் நிக்கிறன். இருந்தால் எனக்குத் தலை சுத்தும்."

எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டேன். ஆயிரம் தடவை சபித்த அதே கேள்வியை நானே கேட்டேன்.

"பிள்ளைக்குச் சளி. டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வாறன்."

அந்தப் பிள்ளையின் நெஞ்சு என் உள்ளங்கையின் கீழே இருந்தது. மூச்சு சுத்தமாக வந்து போனது. ஒரு இரைச்சலும் இல்லை. அவள் எங்களிடமிருந்து இரண்டு சீற் தள்ளிப்போய், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் இருந்த ஆறுதலை எனக்குத் தெரியும்.

கேட்டிருக்கலாம். பஸ் நிறையச் சனம் என்று நினைத்தேன். உண்மையாகவே தலைசுற்றாக இருந்தால் என்று நினைத்தேன். என்னை யாரென்று நினைப்பாள் என்றும் நினைத்தேன். மாங்குளத்தில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நன்றி அக்கா" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

பயணம் எழுதுகிறவர்கள் போகிற வழியையும் சொல்லத்தான் வேண்டும். மாங்குளத்தில் இறங்கிய தங்கச்சி, அன்று சொல்லாத வழியை இப்போது சொல்கிறேன். மனநோய் டொக்டர் எந்த நாளில் வருகிறார் என்று முதலில் கேளுங்கள். கவுன்சிலிங் மிஸ்ஸிடம் அதற்குப் பிறகும் போகலாம். வீட்டு ஆட்களை வெளியே இருக்கச் சொல்லுங்கள். சண்டையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், அதைப் பிறகு சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மொழிபெயர்க்கிறவர் நல்ல மனுசியாக இருப்பார், ஆகவே காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருங்கள். உள்ளே போய் இருந்ததும், பிள்ளைக்குச் சளி இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள்.